ஓடும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால்…

காவலர் தேர்வுக்கும் இராணுவ ஆட்சேர்ப்புக்கும் ஆயத்தமாகும் இளைஞர்கள் உத்தமபாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விடியற்காலையில் ஓடிப் பழகுவதைக் காண்கிறோம். அவர்களுள் சிலர், 'கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டது' என்று எங்களிடம் வருகின்றனர். உண்மையில் இழுத்துக்கொள்வது நரம்பன்று, தசையே. சுருங்கிய தசை, தளர வேண்டிய நேரத்தில் தளராமல் கட்டியாக இறுகி நிற்பதே தசைப்பிடிப்பு. பெரியவர்கள் குரக்களி என்று சொல்வதும் இதுவே.

காரணங்கள் இரண்டு

முதலாவது, தசையின் களைப்பு. பழக்கத்துக்கு மீறி உழைத்த தசைக்குச் 'சுருங்கு' என்னும் கட்டளை மிகுந்து, 'தளர்' என்னும் கட்டளை குறைந்துவிடுகிறது. இரண்டாவது, வியர்வையில் வெளியேறும் நீரும் உப்பும்.

இவ்விரண்டும் கூடினால் என்ன நேரும் என்பதை 1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கம் கண்டது. சமனில் முடிந்த அந்த இந்திய–ஆஸ்திரேலிய டெஸ்ட் போட்டியில் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக ஆடி 210 ஓட்டங்கள் எடுத்தார். கால்கள் பிடித்துக்கொண்டன, ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், பின்னர் மருத்துவமனையில் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. அதனை வீரமென்று போற்றுகிறோம். ஆயினும் பிடிப்புடன் வாந்தியும் சேர்ந்தால், அது வெப்பம் உடலைத் தாக்குவதன் எச்சரிக்கை. அப்போது ஆட்டத்தை நிறுத்துவதே அறிவுடைமை.

நம் பள்ளத்தாக்கில் மற்றொரு மயக்கமும் உண்டு. ஆனி, ஆடி மாதக் காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடும். வியர்க்கவில்லை என்றெண்ணி நீர் அருந்தாமல் இருந்துவிடுகிறோம்.

உடனே செய்ய வேண்டியவை

ஓட்டத்தை நிறுத்துங்கள். முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்களை நோக்கி மெல்ல இழுத்து, 20 முதல் 30 விநாடி வரை பிடித்திருங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நீட்டும்போது தசைநாணிலிருந்து 'தளர்' என்னும் செய்தி செல்கிறது. அதனால்தான் இது விரைவில் பலன் தருகிறது. வெடுக்கென இழுப்பதும், காலைத் தரையில் ஓங்கி உதைப்பதும் தசையைக் கிழிக்கக்கூடும். பிறகு நிழலில் அமர்ந்து, உப்பிட்ட நீர்மோரோ, ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலோ சிறிது சிறிதாக அருந்தலாம். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உடையோர் உப்பு குறித்து மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வராமல் காக்க

1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடும் திறன் ஒரு வாரத்தில் வாராது. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்து உயர்த்த வேண்டாம். ஓடுமுன் மெல்லோட்டமும் கால் வீச்சும். ஓடியபின் தசைகளை நிதானமாக நீட்டும் பயிற்சி. வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருப்பது போதிய நீர் அருந்தியதன் அடையாளம். பிடிப்புக்கு அஞ்சி வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது. நீர் குறைந்த உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தாமதமின்றி வர வேண்டியவர்கள்

கடும் தசைவலியுடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் கழிந்தால், தசை சிதைந்திருக்கலாம். குழப்பமான பேச்சு, மயக்கம், கொதிக்கும் உடல் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள்; உடலில் நீரூற்றி விசிறிக்கொண்டே அழைத்து வாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டா என்று பார்க்க வேண்டும். நடக்கும்போதெல்லாம் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணியுமாயின், குறிப்பாகப் புகைப்பவர்களும் நீரிழிவு உடையோரும், இரத்தக்குழாய் அடைப்புக்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு நாள் நெருங்கும்போது பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். நேரத்தைக் கேட்பதற்கு முன் காலைப் பற்றிக் கேளுங்கள். தேர்வு மறுமுறையும் வரும். கெட்ட சிறுநீரகம் எளிதில் மீளாது.