ஒரு துளிக்குள் ஒரு செல்



இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துத்தான் மருத்துவர் மருந்து எழுதுகிறார். சரியாக அளக்கப்பட்ட எண்ணும் சில வேளைகளில் முக்கியமான ஒன்றை மறைத்துவிடும். அதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மலேரியாவில் வைவாக்ஸ் என்றொரு வகை உண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் அதன் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடியும் கிளம்பும். அதை ஒழிக்கப் பிரிமாகுயின் மாத்திரை தருகிறார்கள். பெரும்பாலோருக்கு அதனால் கெடுதி இல்லை. ஆனால் இரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த அணுக்கள் உடைந்துபோகும். சிறுநீர் கறுக்கும், இரத்தசோகை உண்டாகும். நொதி என்பது டாக்டர்கள் என்சைம் என்று சொல்வதுதான். உடலின் இரசாயன வேலைகளை விரைவாக நடத்தும் புரதம். ஜி6பிடி சிவப்பணுவை, இரும்பைத் துரு தின்பது போன்ற சேதத்திலிருந்து காக்கிறது. இந்தக் குறைபாடு 1956-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டதே பிரிமாகுயினை ஆராய்ந்தபோதுதான்.

ஒரு தாயாருக்கு இந்நொதியின் அளவு இயல்பில் 50 சதவீதம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அவருடைய சிவப்பணுக்கள் எல்லாம் பாதிப் பலத்துடன் இருக்கின்றனவா? பெரும்பாலும் இல்லை. இந்நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஆனால் ஒவ்வொரு செல்லும் ஒன்றை மூடிவைத்துவிட்டு மற்றதைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே அந்தத் தாயாரிடம் பாதி அணுக்கள் முழுப் பலத்துடனும், மீதி ஏறக்குறைய வெறுங்கையாகவும் இருக்கலாம். இப்படி இரு கூட்டங்கள் இருப்பதை 1962-ல் எர்னஸ்ட் பியூட்லரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். மாத்திரை உள்ளே போனால் உடைவது வெறுங்கை அணுக்களே. ‘பாதி’ என்ற எண்ணோ இரண்டு கூட்டத்தில் எதைப் பற்றியும் சொல்லவில்லை.

காணிக்கைப் பையில் 1,000 ரூபாய் இருந்தால், பத்துப் பேர் நூறு நூறாகப் போட்டார்களா, ஒருவரே போட்டாரா என்று பை சொல்லாது. அவரவர் உறையில் கொடுத்தால் தெரிந்துவிடும். செல்லுக்கும் அப்படி ஓர் உறை வேண்டும்.

அந்த உறைதான் நீர்த்துளி. நொதி வெட்டினால் மட்டுமே ஒளிரும் ஒரு பொருளைச் செல்களோடு கலக்கிறார்கள். ஒரு செல் உண்டாக்கும் ஒளிர்பொருள் மிகச் சொற்பம். சோதனைக்குழாயில் அது வெளியே கசிந்து மற்றவற்றோடு கலந்துவிடும். எண்ணெய் சூழ்ந்த ஒரு நுண்துளிக்குள் அடைத்தால் அங்கேயே தேங்கி, அளக்கும்படி ஒளிரும். இவ்வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் போரிஸ் ராட்மன். 1961-ல் அவர் சிலிக்கோன் எண்ணெயில் நுண்துளிகளை உண்டாக்கி, செல்லைவிட மிகமிகச் சிறிய ஒற்றை நொதி மூலக்கூறின் வேலையையே அளந்தார்! ஆனால் தெளிப்பில் பிறக்கும் துளிகள் ஒரே அளவாக இரா.

ஒரே அளவுத் துளிகள் வேண்டுமானால் நுண்வாய்க்கால்கள் வேண்டும். சிலிக்கோன் ரப்பர் வில்லையில் முடிபோன்ற வாய்க்கால்கள். ஒன்றில் நீர், குறுக்கே எண்ணெய். இரண்டும் சந்திக்கும் முனையில் எண்ணெய் நீரைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். இதை 2001-ல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தார் செய்துகாட்டினர். அவர்களில் ஒருவரான ஃபிரான்சஸ் ஆர்னால்டு, நொதிகளைப் படிப்படியாகத் திருத்தி வளர்க்கும் பணிக்காக 2018-ல் நோபல் பரிசு பெற்றார். 50 மைக்ரான் குறுக்களவுள்ள துளிகளானால் ஒரு மில்லிலிட்டர் நீரிலிருந்து சுமார் ஒன்றரைக் கோடி கிடைக்கும். துளிகள் வரிசையாக லேசர் கதிரைக் கடக்கும்போது ஒவ்வொன்றின் ஒளியும் பதிவாகிறது.

துளிக்கு ஒரு செல் என்று எண்ணிப் போட முடியாது. அது தற்செயலாகவே விழுகிறது. அதனால் வேண்டுமென்றே நீர்க்கச் செய்கிறார்கள். பத்துத் துளிக்கு ஒரு செல் என்ற கணக்கில் விட்டால், நூறில் சுமார் 90 துளி வெறுமை, 9-ல் ஒரே செல், இரண்டோ அதற்கு மேலோ உள்ளவை ஒன்றுக்கும் குறைவு. வீண் என்று தோன்றலாம். துளி அவ்வளவு மலிவு என்பதே பதில். 2010-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், பெராக்சிடேஸ் நொதியின் பல வடிவங்களைச் சுமந்த ஈஸ்ட் செல்களை இப்படி அடைத்து, 10 மணி நேரத்தில் சுமார் 10 கோடி துளிகளைச் சோதித்தனர். செலவான திரவம் 150 மைக்ரோலிட்டருக்கும் குறைவு, சில சொட்டுகள்தான்.

குறைகளும் உண்டு. சில ஒளிர்பொருள்கள் எண்ணெயைத் தாண்டிப் பக்கத்துத் துளிக்குள் கசியும். அப்போது ஒருவர் உறைப் பணம் அடுத்தவர் உறைக்குள் போன கதைதான். லேசரும் நுண்ணோக்கியும் தேர்ந்த கையும் தேவைப்படுவதால், வார்டுக்குப் பக்கத்தில் வைக்கும் கருவியாக இதைச் சொல்லிவிட முடியாது.

கேள்வி மட்டும் வார்டில் காத்திருக்கிறது. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாஃபெனோகுயின் ஒரே வேளையில் தரப்படும் மருந்து. உடலில் பல வாரம் தங்கும், கொடுத்த பின் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே ஜி6பிடி 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தருகிறார்கள். 70 சதவீதத்தைத் தாண்டிய ஒரு தாயாரின் இரத்தத்திலும் வெறுங்கை அணுக்கள் ஒரு பங்கு இருக்கக்கூடும். சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே வரவேண்டும் என்று மருந்தோடு சொல்லி அனுப்புவது அதற்காகத்தான்.