ஓர் அயனியும் அதன் தோழியும்

காலை மணி அடித்ததும் நாம் வரிசையில் நிற்கிறோம். பள்ளிக் கடிகாரம் ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் நமக்குப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் அறிவியலுக்கு விநாடியின் கோடியில் ஒரு பங்கும் முக்கியம். அதை அளப்பது எப்படி?

எந்தக் கடிகாரத்துக்கும் மாறாத துடிப்பு ஒன்று தேவை. ஊசலின் ஆட்டம் வெப்பத்தால் மாறும். ஒரே வகை அணுக்களின் துடிப்போ எங்கும் ஒன்றே. ஆகவே 1967-ஆம் ஆண்டில், சீசியம் அணு தொடர்பான நுண்ணலை 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி என வரையறுத்தனர். இன்றும் அதுவே உலகின் விநாடி.

ஒளியோ நுண்ணலையைவிடப் பன்மடங்கு விரைவாக அதிர்வது. ஓர் எலெக்ட்ரானை இழந்த அலுமினிய அணு, அதாவது அலுமினிய அயனி, ஏற்கும் புறஊதா ஒளி விநாடிக்குப் பதினோரு கோடி கோடி முறைக்குமேல் அதிர்கிறது. அடிக்கோலில் கோடுகள் நெருங்க நெருங்க அளவு நுட்பமாகும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். மேலும், சுற்றுப்புற வெப்பம் இந்த அயனியை மிகக் குறைவாகவே பாதிக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். அலுமினிய அயனியை லேசரால் நேராகக் குளிர்விப்பதும், அதன் நிலையை அறிவதும் மிகக் கடினம். அமெரிக்காவின் போல்டர் நகரில் டேவிட் வைன்லாண்டின் குழுவினர் இதற்கு அழகிய வழி கண்டனர். அலுமினியத்துக்கு ஒரு தோழியைச் சேர்த்தனர்! 2005-இல் அத்தோழி பெரிலியம், பின்னர் மக்னீசியம்.

வெற்றிடத்தில், மின்புலத்தின் பிடியில் இரு அயனிகளும் அருகருகே நிற்கின்றன. இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். மக்னீசியத்தை லேசர் குளிர்விக்க, அலுமினியமும் குளிர்கிறது. பிறகு அலுமினியத்தின் நிலையை, லேசர் துடிப்புகளால் இருவரின் பொது அசைவுக்கும், அதிலிருந்து மக்னீசியத்துக்கும் மாற்றுகின்றனர். மக்னீசியம் ஒளிர்கிறதா, இருள்கிறதா என்று பார்த்தாலே அலுமினியத்தின் நிலை விளங்கிவிடும். தனித்தனி அணுத்துகள்களை ஆளும் இத்தகைய ஆய்வுகளுக்காக வைன்லாண்டு 2012-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உயரம் கூடினால் காலம் விரைவாக ஓடும் என்பது ஐன்ஸ்டீனின் கொள்கை. 2010-இல் இக்கடிகாரம் ஒன்றை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தியபோதே அவ்வேறுபாடு தெரிந்தது!

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அயனிகளைப் பிடிக்கும் பொறியே அவற்றைச் சிறிது அசைத்தது. அதன் வைரத் தகட்டைத் தடிப்பாக்கி, தங்கப் பூச்சையும் திருத்தினர். எஃகுக் கலத்திலிருந்து கசிந்த ஹைட்ரஜன் அயனிகளை மோதியது; எனவே டைட்டானியக் கலம் அமைத்தனர். 2025-இல் பத்தொன்பதாம் தசமத் தானம் வரை நுட்பம் கிட்டியது. பிரபஞ்சம் தோன்றிய நாள்முதல், ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஓடியிருந்தாலும், அதன் பிழை கால் விநாடி அளவே!

தோழியரே, தன் நிலையைத் தானே சொல்ல இயலாத அயனிதான் தோழியின் துணையால் உலகின் மிக நுட்பமான கடிகாரமாயிற்று. சிறு பிழையையும் பொறுமையாகத் தேடித் திருத்தியவர்களின் உழைப்பும் அதில் உண்டு. இவ்விரண்டையும் நாம் நினைவில் கொள்வோம்.