ஆயிரம் ரூபாயும் எங்கள் வீட்டு சப்-மீட்டரும்

(மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு மாணவன் எழுதியது)

விலைவாசி உயரும்போது அரசு ஒரு குடும்பத்துக்கு எப்படிக் கை கொடுக்கிறது என்பதை நமக்குத் தெரிந்த கூட்டல், கழித்தலை வைத்தே பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பொருளாதாரம் படித்தவன் இல்லை நான். ஒரகடம் பக்கம் ஆறு குடித்தனம் உள்ள லைன் வீட்டில் வளர்ந்தவன். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி.

அரசின் உதவி இரண்டு வழியாக வரும். ஒன்று பொருளாக, மற்றொன்று பணமாக. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016-ல் இலவசமானது. இவையெல்லாம் பொருள் கணக்கு. பணக் கணக்கில் பெரியது கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று நம்ம மாவட்டத் தலைநகர் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில். நம் வகுப்புப் பெண்களில் சிலர் வாங்கிய புதுமைப் பெண் (2022), பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் (2024) இரண்டும் இதே ஆயிரம்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? 20 கிலோ அரிசி, விலை ஏறினாலும் 20 கிலோதான். விலை ஏற ஏற அந்த உதவியின் மதிப்பும் தானாக ஏறிவிடும். பணம் அப்படியல்ல. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கழித்து அந்த ஆயிரம், தொடங்கிய நாளின் 864 ரூபாய்க்குச் சமம். யாரும் குறைக்கவில்லை, ஆனால் குறைந்துவிட்டது! அரசு ஊழியருக்கு அகவிலைப்படி இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சென்னை நகர விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்து அகவிலைப்படி போடுகிறார்கள். உரிமைத் தொகைக்கு அப்படி ஒரு விதி வைக்கவில்லை. நமக்கும்தான்! டிப்ளமா முடித்த அப்ரண்டிசுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 8000 என்று 2019-ல் வைத்தார்கள். அதே 5 சதவீதத்தில் ஆறு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 5970 வரும்.

"அப்போ எல்லாத்தையும் பொருளாவே குடுத்திடலாமே" என்று அம்மாவிடம் சொன்னேன். "அரிசியக் கொண்டுபோயி உன் பரீட்சை ஃபீஸ் கட்ட முடியுமாடா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. உரிமைத் தொகைக்குப் பல நிபந்தனைகள் வைத்தார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது, நன்செய் ஐந்து ஏக்கரைத் தாண்டக்கூடாது, இப்படி. அதில் ஒன்று, வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்குக் கிடையாது என்பது. வசதியானவர்களை வடிகட்ட வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் எங்கள் ஆறு குடித்தனத்துக்கும் மின் இணைப்பு ஒன்றே ஒன்று. வீட்டுக்கு 95 யூனிட் வீதம் 570, போர் மோட்டாருக்கு 70, ஆக இரண்டு மாதத்துக்கு 640. வருஷத்துக்கு 3840! படிவத்தில் அந்த இணைப்பு எண்ணைத்தான் அம்மா எழுதினார். செப்டம்பரில் தகுதியில்லை என்று எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. இரண்டு ஃபேன், ஒரு டியூப் லைட், ஒரு டி.வி. உள்ள வீடு, காகிதத்தில் பங்களா ஆகிவிட்டது.

மொத்தம் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் போய், தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். விடுபட்டவர்களில் எங்களைப் போல் எத்தனை லைன் வீடுகளோ! நல்ல வேளையாக 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. வீட்டுக்காரர் சப்-மீட்டர் பார்த்துவிட்டுச் சொல்லும் ரீடிங்கை அம்மா காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைப்பது வழக்கம். அதையெல்லாம் எடுத்து ஒரு அட்டவணை போட்டேன். விசாரிக்க வந்தவரிடம் அதைக் காட்டி, சுவரில் இருந்த ஆறு சப்-மீட்டரையும் காட்டினோம். நவம்பரில் முதல் ஆயிரம் வந்தது.

சரி, வந்ததல்லவா, எங்கே போனது? 2024-ல் நான் போட்ட கணக்கு இது. எங்கள் 95 யூனிட் தனி மீட்டரில் ஓடியிருந்தால் கட்ட வேண்டியது பூஜ்யம். வீட்டுக்காரரோ யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினார். 950 ரூபாய்! இரண்டு மாத உரிமைத் தொகை 2000-ல் ஏறக்குறையப் பாதி அதற்கே போய்விட்டது. ஒரு கையால் அரசு கொடுத்த பணம், இன்னொரு கையால் கொடுத்த சலுகை வந்து சேராததற்கு ஈடாகப் போனது. ஆறு மீட்டர் இருந்தால் அந்தக் கட்டிடத்துக்கு 600 யூனிட் வரை இலவசம். ஒரே மீட்டர் என்பதால் 100 மட்டும், அதுவும் வீட்டுக்காரர் பில்லில். அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மொத்த யூனிட் 500-ஐத் தாண்டினால் மேல்படி விலை, அது அவர் தலையில்தான் விழும்.

இங்கிலாந்தில் 2022 குளிர்காலத்தில் மின்சாரம், எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது வீட்டுக்கு 400 பவுண்டு அரசு கொடுத்தது. வீட்டுக்காரர் பெயரில் மின் இணைப்பு இருந்தால் அந்தச் சலுகையை அவர் குடியிருப்பவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று கூடவே ஒரு விதியும் போட்டார்கள். படித்தபோது எனக்கு எங்கள் சுவரின் ஆறு சப்-மீட்டர்தான் ஞாபகம் வந்தது.

ரேஷன் விஷயத்தில் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது. 2020-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு விழுப்புரம் கார்டை வைத்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்க வழி உண்டானது. கார்டு ஆளோடு வந்துவிட்டது, மீட்டர் சுவரோடு நின்றுவிட்டது. வாடகையோ இவை எதிலும் சேராத தனிச் சுமை. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோடு சிப்காட் விடுதி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களுக்கு அது உதவாது.

ஆறு வீட்டு அம்மாக்களும் சேர்ந்து போய்த் தனி மீட்டர் கேட்டார்கள். "டெபாசிட், வயரிங் செலவெல்லாம் யாரு குடுப்பா? பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். செலவு எவ்வளவு ஆகும் என்று எலக்ட்ரிகல் பிரிவு நண்பர்கள் இருவர் எங்கள் கட்டிடத்துக்கு மதிப்பீடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் லைன் வீட்டிலும் இதே நிலைமை என்றால், எத்தனை குடித்தனம், எத்தனை மீட்டர், யூனிட்டுக்கு எவ்வளவு என்று மூன்றே விவரம் போதும். சங்க அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், எழுதிவிட்டுப் போங்கள்.