கண் பழகுதற்குச் சில கலைச்சொற்கள்

மேனாட்டுக் கலை வரலாற்றைப் படிக்கப் புகும் மாணவரை முதலில் மருட்டுவன அதன் கலைச்சொற்களே. இத்தாலியத்தினின்றும் போர்த்துக்கேயத்தினின்றும் வந்த அச்சொற்கள் நாவுக்குப் புதியன. ஆயின் அவை சுட்டும் பொருள்களுட் பல, திருகோணமலையில் வளர்ந்த நம் கண்ணுக்குப் புதியனவல்ல. 15 ஆம், 16 ஆம் நூற்றாண்டுகளின் மறுமலர்ச்சிக் கலைக்கும், 17 ஆம் நூற்றாண்டில் ஓங்கிய பரோக் கலைக்கும் உரியனவற்றுள் ஐந்தினை ஈண்டு ஆராய்வாம்.

1. கொன்ட்ரப்போஸ்ட்டோ: நிற்கும் உருவம் ஒரு காலில் உடற்பாரத்தைத் தாங்கி, மறுகாலைத் தளரவிடும் நிலை இது. பாரந் தாங்கும் பக்கத்து இடுப்பு உயர, அப்பக்கத்துத் தோள் தாழும். மிக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை புளோரன்சு நகரிற் செதுக்கிய தாவீது சிலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தலை, மார்பு, இடை என்னும் மூன்றும் ஒன்றற்கொன்று மாறாய் வளையும் நிலையை நம் சிற்பிகள் திரிபங்கம் என்றனர். இரண்டும் ஒன்றல்ல. இத்தாலியர் உயிருள்ள உடலை நோக்கிக் கற்றனர்; நம்மவர் தாலம் என்னும் அளவுமுறையைப் பின்பற்றினர். ஆயினும், அசையாப் பொருளில் அசைவைக் காட்டல் என்னும் நோக்கம் இருவர்க்கும் பொது.

2. ஸ்ஃபுமாட்டோ: 'புகைபோற் கரைந்தது' என்பது கருத்து. லியொனார்டோ டா வின்சி கோட்டினால் எல்லை வகுக்காது, மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் இட்டு ஒளியையும் நிழலையும் கரைத்தார். மோனா லிசாவின் இதழ்க்கடையில் இதனைக் காணலாம். மார்கழி விடியலில், துறைமுகத்துக்கு அப்பாலுள்ள குன்று எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகின்றதென்று அறியாது நின்றோர்க்கு வேறு விளக்கம் வேண்டா.

3. கியாரோஸ்கூரோ: ஒளியும் இருளும் கொண்டு உருவுக்குத் திரட்சி தரும் முறை. கரவாஜ்ஜியோ இதனைக் கடுமையாக்கி, பெரும்பகுதியை இருளில் ஆழ்த்தினார். 1599 - 1600 இல் அவர் உரோமையில் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' என்னும் ஓவியத்தில், ஒரு பக்கத்தினின்று வரும் ஒளி வரி தண்டுவோரின் மேசைமீது விழுகின்றது. கருவறையிற் கற்பூரம் ஏற்றியவுடன் திருமுகம் மாத்திரம் இருளினின்று வெளிப்படுவதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

4. பரோக்: கோணலான முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினின்று இது வந்ததென்பர். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை ஒருகாலத்தில் தம் வசம் வைத்திருந்தவரும் அப்போர்த்துக்கேயரே. மிக்கேலாஞ்சலோவின் தாவீது போருக்கு முன் அமைதியாய் நிற்கின்றான். பெர்னினி 1623 - 24 இற் செதுக்கிய தாவீதோ உடல் முறுக்கி, உதட்டைக் கடித்துக் கவணை வீசுகின்றான். முன்னையது மறுமலர்ச்சி, பின்னையது பரோக்.

அச்சிலை உரோமையில் உருவாகிய காலத்தையொட்டியே, 1624 ஆம் ஆண்டளவில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணமாமலையிலிருந்த ஆலயத்தை இடித்து, அதன் கற்களாற் கோட்டை கட்டினான். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மாற்றியமைத்த அக்கோட்டையின் வாயிலில், இரட்டைக் கயல் பொறித்த கல் இன்றும் பழைய கதையைக் கூறுகின்றது. ஐரோப்பா ஓரிடத்தில் உளியாற் படைத்த நாளிலேயே மற்றோரிடத்தில் வெடிமருந்தின் வலிமையால் அழித்தது. அழகை மாத்திரம் கற்று அழிவை மறத்தல் அறிவாகாது. அழிவை எண்ணி அழகைக் காண மறுத்தலும் அறிவாகாது.

5. மெழுகு வார்ப்பு: மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவமைத்து, அதன்மேல் நுண்ணிய வண்டலும் பின்னர்ப் பருமண்ணும் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, ஆறிய பின் மண்ணை உடைப்பர். அச்சு ஒருமுறைக்கே உதவும். 1554 இல் புளோரன்சில் நிறுவப்பெற்ற பெர்சியுசு சிலையைச் செல்லினி இம்முறையாலேயே வார்த்தார். உலோகம் உறையத் தொடங்கவே, வீட்டிலிருந்த ஈயக்கலவைத் தட்டங்கள் 200 அளவினை அதிற் சேர்த்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஐரோப்பியர் பெருஞ்சிலைகளை நடுவே மண்கரு வைத்து உள்ளீடின்றி வார்த்தனர். நம் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு.

இத்தகைய திருமேனிகள் சில, 1950 இல் நம் நகரிற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. சோழர் பாணியிலமைந்த சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் பார்வதியும் அவற்றுள் அடங்குவர். ஆலயம் இடிபடுமுன் அன்பர்கள் அவற்றை மண்ணுள் மறைத்தனர் என்பது பொதுவான கருத்து. புதுக்கிய கோணேசர் ஆலயத்தில் 1963 இற் குடமுழுக்கு நிகழ்ந்தது.

அத்தகைய திருமேனியின் முன் நிற்கும் மாணவர், கைகூப்பிய பின் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்புவாராக: பாரம் எக்காலில் உள்ளது? ஒளி எத்திசையினின்று வருகின்றது? உரு அசையப் போகின்றதா, அசைகின்றதா? இங்கு இவ்வாறு பார்க்கப் பழகிய கண், புளோரன்சிலும் உரோமையிலும் தடுமாறாது.