மெதுவாக்கினால் தெரியும் பிழை

இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தட்டியதும் பட்டியல் ஒன்று விரிகிறது. இத்தகைய அசைவூட்டம் பெரும்பாலும் அரை நொடிக்குள் முடிந்துவிடும். இடையில் ஏதோ உறுத்துவதைக் கண் உணரும். ஆனால், பிழை எங்கே என்பது பிடிபடாது.

இதைக் கண்டறியக் குரோம் உலாவியின் மேம்பாட்டாளர் கருவிகள் உதவுகின்றன. அங்குள்ள அசைவூட்டப் பகுதியில் வேகத்தை 25 அல்லது 10 விழுக்காடாகக் குறைக்கலாம். 10 விழுக்காட்டு வேகத்தில், 0.3 நொடி அசைவு 3 நொடிக்கு நீளும். அப்போது, பட்டியல் விரிவதற்கு முன்பே அதன் எழுத்துகள் தோன்றிவிடுவது தெளிவாகத் தெரியும். நிரலாளர் எழுத்துகள் தோன்றும் நேரத்தைச் சற்றுத் தள்ளி வைப்பார்.

திருத்திய பின், இயல்பான வேகத்திலும் சோதிக்க வேண்டும். ஏனெனில், பயனர் காண்பது அந்த வேகத்தில்தான்.