எந்திரம் கற்கும் காலத்தில் தொழில் தேர்வு: திருமுடிவாக்கம் தரும் சான்று

பட்டப்படிப்பை முடிக்கும் மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் இந்நாளில் நம்மிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எந்தத் தொழில் நிலைக்கும்? 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்த பின்னர் இவ்வினா ஓர் அச்சமாகவே உருக்கொண்டுள்ளது. கடிதம் வரைவதும், கணக்கைத் தொகுப்பதும், கணிப்பொறிக்குரிய நிரல் எழுதுவதும் எந்திரத்திற்கு இயலும் என்றால், அவற்றைக் கற்க மூன்றாண்டு செலவிட்ட மாணவன் கலங்குவது இயல்பே.

நிலைக்கும் தொழில்கள் இவை, நிலையாதவை இவை எனப் பட்டியல் இட்டு விடை கூறுதல் எளிது. ஆயினும் அத்தகைய பட்டியல்கள் பொய்த்த வரலாறும் உண்டு. 2013ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களான பிரே, ஆஸ்போர்ன் இருவரும், அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு தானியங்கு முறைக்கு ஆளாகும் நிலையில் உள்ளன எனக் கணித்தனர். 2016இல் ஜெஃப்ரி ஹிண்டன் என்னும் பேரறிஞர், கதிர்ப்படங்களைப் படித்துக் கூறும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை அப்போதே நிறுத்திவிடலாம் என்றார். 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். துறையின் முன்னோடியே உரைத்த அக்கூற்று நடக்கவில்லை. பல நாடுகளில் அம்மருத்துவர்களுக்குப் பற்றாக்குறையே நிலவுகிறது. அன்று அச்சொல்லை நம்பி அத்துறையைக் கைவிட்ட மாணவர் எவரேனும் இருப்பின் அவர் இழந்தது சிறிதன்று. ஆதலின், வருவதுரைப்போர் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்திரம் ஒரு தொழிலுக்குள் நுழையும்போது உண்மையில் நிகழ்வது யாது என நோக்குதலே தக்கது. அதற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரம், பல்லாவரம் வட்டாரமே போதிய சான்றாகும்.

தோல் தந்த ஊர்ப்பெயர்

குரோம்பேட்டை என்னும் பெயரை நாள்தோறும் சொல்கிறோம். அது ஒரு தொழில்நுட்ப மாற்றத்தின் பெயர் என்பதை எண்ணுவதில்லை. ஆவாரம் பட்டை முதலியவற்றைக் கொண்டு வாரக்கணக்கில் தோலைப் பதப்படுத்துவதே தென்னாட்டின் பழைய முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோமிய உப்பினால் பதனிடும் முறையைச் சோதித்து அறிமுகப்படுத்தினார். பின்னர் எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. வாரக்கணக்கான வேலை ஒருசில நாள்களுக்குள் அடங்கியது.

தோல் வணிகம் தமிழ் முஸ்லிம்களின் மரபுத் தொழில்களுள் ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, சென்னைப் பெரியமேடு ஆகிய ஊர்களின் பெரியோர்க்கு நாம் இதனை விளக்க வேண்டுவதில்லை. பட்டையை இடித்தவர், குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர் ஆகியோரின் வேலையைச் சுழலும் பீப்பாய்கள் எடுத்துக்கொண்டன. தோலின் பரப்பை அளப்பதற்கும் கருவி வந்தது. ஆனால் தோலைக் கையிலெடுத்து, உண்ணி கடித்த வடு எது, சூட்டுத் தழும்பு எது, இது செருப்பின் மேற்பாகத்திற்கு ஆகுமா, உள்தோலுக்கே ஆகுமா எனத் தரம் பிரிப்பவர் நிலைத்தார். இன்று கேமராவும் கணிப்பொறியும் கொண்டு அதனையும் செய்ய முயல்கின்றனர். வடுவைக் காண்பது எந்திரத்திற்கு இயலும். அவ்வடு கொண்ட தோலை யாருக்கு, எதற்கு, என்ன விலைக்குக் கொடுக்கலாம் எனத் தீர்மானித்து, கொள்வோர் திருப்பியனுப்பினால் அதற்குப் பொறுப்பேற்பது வேறு.

அச்சுக்கூடங்களிலும் இதுவே நிகழ்ந்தது. ஈய எழுத்துகளைக் கோத்த தொழிலாளர்களின் வேலை, கணிப்பொறி அச்சுக்கோப்பு பரவியபோது சில ஆண்டுகளில் மறைந்தது. கையின் விரைவை மட்டும் நம்பியிருந்தவர் வெளியேறினர். சந்தியும் ஒற்றும் அறிந்து, ஆசிரியரின் பிழையையும் கண்டு சொன்னவர் மெய்ப்புத் திருத்துநராகத் தொடர முடிந்தது.

பட்டறையில் இருவர்

இனித் திருமுடிவாக்கத்திற்கு வருவோம். பல்லாவரத்திற்கும் குன்றத்தூருக்கும் அருகே, சேக்கிழார் பிறந்த மண்ணை அடுத்து, சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ள ஊர் இது. சென்னையைச் சூழ்ந்த வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரி உறுப்புகளைச் செய்து தரும் சிறு, குறு பட்டறைகள் இங்கு நிறைந்துள்ளன. துல்லியப் பொறியியலுக்கெனப் பெருங்குழுமம் ஒன்றைத் தமிழக அரசு இவ்வூரிலேயே திட்டமிட்டது என்பதும் நோக்கத்தக்கது.

முற்காலத்து லேத் பட்டறையில் டர்னரின் கையே கருவி. கைச்சக்கரத்தைச் சுழற்றி, மைக்ரோமீட்டரில் அளந்து, உலோகம் சீவப்படும் ஓசையைக் கேட்டே வெட்டுமுனை மழுங்கிவிட்டதென அவர் அறிவார். பின்னர் எண்வழி இயங்கும் சிஎன்சி எந்திரங்கள் வந்தன. இப்போது நிரலே வெட்டுமுனையை நகர்த்துகிறது. மைக்ரான் அளவிலே, அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்களவிலே பிழை கணக்கிடப்படுகிறது. (இரும்பைத் தாவூது நபி (அலை) அவர்களுக்கு இறைவன் மென்மையாக்கித் தந்ததையும், கவச வளையங்களை அளவாகச் செய்யப் பணித்ததையும் திருமறை கூறுகிறது. துல்லியம் என்பது நம் மார்க்கத்திற்குப் புதிய சொல் அன்று.)

சிஎன்சி வந்தபின் பட்டறையில் இருவகை மனிதரைக் காண்கிறோம். ஒருவர் ஆப்பரேட்டர். உலோகத் துண்டைப் பொருத்துவார், பொத்தானை அழுத்துவார், முடிந்ததை எடுத்து வைப்பார். மற்றவர் செட்டர். வரைபடத்தைப் படித்து, எந்தப் பக்கத்தை முதலில் சீவுவது, எந்த முகத்தை அளவைக்கு அடிப்படையாகக் கொள்வது, உருக்குலையாமல் துண்டை எவ்வாறு பிடிப்பது என்பவற்றை முடிவு செய்வார். முதற்பொருளை அளந்து ஒப்புதல் தருபவரும் பெரும்பாலும் அவரே. இருவரும் ஒரே எந்திரத்தின் முன்னர் நிற்பர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு வேறுபாடு தோன்றாது.

எந்திரக்கை என்னும் ரோபோ வந்தால் முதலில் யார் இடத்தில் வந்து நிற்கும் என்பது வெளிப்படை. பொருத்தி எடுக்கும் வேலையை அது சலிப்பின்றிச் செய்யும். வெட்டுமுனை தேயத் தேய உறுப்பின் விட்டம் சிறிது சிறிதாக மிகும். முன்னர் ஆப்பரேட்டர் அளந்து திருத்திய அப்பிழையை இன்று எந்திரமே அளந்து திருத்திக்கொள்ளவும் வழியுண்டு. ஆயின் ஒருநாள் வந்திறங்கிய வார்ப்பில் கடினப் புள்ளிகள் இருந்து வெட்டுமுனைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடையும்போது, குறை நிரலிலா, பிடிப்பிலா, வார்ப்பிலா எனக் கண்டறிந்து வார்ப்பாலைக்குச் செய்தி சொல்ல வேண்டியவர் செட்டரே. வண்டியின் தடுப்புக் கருவியில் சேரும் உறுப்பு அது எனின், தர அறிக்கையில் இடும் கையொப்பத்தின் பின்னால் சாலையில் செல்வோரின் உயிர் நிற்கிறது. எந்திரம் கையொப்பம் இட்டுப் பயனில்லை. அதனிடம் யாரும் வழக்குத் தொடுக்க இயலாது.

மேலும் ஒன்று. இலட்சக்கணக்கில் ஒரே உறுப்பைச் செய்யும் பெருந்தொழிற்சாலைக்கு முழுத் தானியங்கு முறை கட்டுப்படியாகும். இன்று ஐம்பது உறுப்பு, நாளை வேறொரு வடிவில் முப்பது என்று பணி பெறும் சிறு பட்டறைக்கு அது எளிதில் கட்டுப்படியாகாது. சிறு பட்டறையில் ஒருவரே பல வேலைகளையும் தொட நேர்வதால், தொழிலை முழுமையாகக் கற்க அதுவே ஏற்ற இடம் என்பது நம் கருத்து. பெருநிறுவனத்தின் பெயரில் மயங்கும் பெற்றோர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

செட்டரும் ஆப்பரேட்டரும் பட்டறையில் மட்டுமே உள்ளனர் எனக் கருதவேண்டா. கணக்கரிடையே, நிரலாளரிடையே, மொழிபெயர்ப்பாளரிடையே இவ்விருவரையும் காணலாம். 2023இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, புதிய செயற்கை நுண்ணறிவினால் மிகுதியும் தாக்குறுவது எழுத்தர் பணியே என்றது. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. எந்திரம் காரணமன்று, திறன் பொருத்தமின்மையே காரணம் என அதன் தலைமை விளக்கியது. இரண்டிற்கும் இடைவெளி எவ்வளவு என்பதைச் சிறுசேரிப் பேருந்தில் நாள்தோறும் செல்வோரே அறிவர். செவிலியர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் ஆகியோரின் கைவேலையோ எந்திரத்திற்கு இன்னும் அரிதாகவே உள்ளது. 1997இலேயே சதுரங்கத்தில் காஸ்பரோவை வென்ற கணிப்பொறி இனம், நோயாளியைப் புண்படாமல் புரட்டிப் படுக்கவைக்க இன்றுவரை முறையாகக் கற்கவில்லை.

முதற்படி மறைந்தால்

இங்கேதான் நம்மை உறுத்தும் சிக்கல் எழுகிறது. எவரும் செட்டராகப் பிறப்பதில்லை. சில ஆண்டுகள் ஆப்பரேட்டராக நின்று, ஆயிரக்கணக்கான உறுப்புகளைத் தொட்டு அளந்த பின்னரே அத்தகுதி வருகிறது. அக்கீழ்வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டால், மேல்வேலைக்குரியவரை எங்கிருந்து பெறுவது? இளநிலை வழக்கறிஞர் ஆவணம் படித்தும், இளநிலைக் கணக்கர் பேரேடு ஒப்பிட்டும் தேர்ச்சி பெற்றனர். அவ்வேலைகளும் இன்று எந்திரத்திடம் செல்கின்றன. ஏணியின் மேற்படி பாதுகாப்பானது என்று கூறி, கீழ்ப்படியைக் கழற்றிவிட்டால் ஏறுவது எங்ஙனம்?

சந்தை தானாக இதற்கு விடை காணும் என நாம் நம்பவில்லை. சட்டம் ஓரளவு வழி வைத்துள்ளது. 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் பழகுநராகச் சேர இடமளிக்கப்பட்டது. கலைப்பிரிவு மாணவர் பலர் இதனை அறியார். தமிழக அரசும் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ரோபோ முதலிய புதுக்கருவிகளுடன் மேம்படுத்தியுள்ளது. நம் சமுதாய அறக்கட்டளைகள் பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் உதவித்தொகை வழங்குவது போற்றத்தக்கது. ஆனால் பழகுநராகச் சேர்ந்து சிறு ஊதியத்தில் இரண்டாண்டு தாங்க வேண்டிய இளைஞனுக்கு, அக்குறையை ஈடுசெய்யும் உதவி ஏன் வழங்கலாகாது? அவ்வுதவி இன்மையாலேயே பலர் பயிற்சியை இடையில் விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய விசாவில் சபுர் புறப்பட்டு, அங்கே கடையிலும் கிடங்கிலும் எந்திரம் எளிதில் எடுத்துக்கொள்ளும் வேலையிலேயே சேர்கின்றனர். பெரியோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

தமிழ் பயில்வோர் நிலை

எந்திரம் தமிழும் எழுதுகிறதே, தமிழ் மாணவர் நிலை யாது எனச் சிலர் நகைப்புடன் கேட்பதுண்டு. எந்திரம் கற்றது இணையத்தில் மிகுதியாகக் கிடைக்கும் தமிழையே. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் 'தீன்' என்றால் மார்க்கம். பொது வழக்கில் அது உண்ணும் தீனியையும் குறிக்கும். உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் அறபுச் சொற்களும் செந்தமிழும் பின்னிக் கிடக்கும் இடங்களில் எந்திரம் எளிதில் தடுமாறும். தடுமாறியதைத் தானே உணராது, தெளிவான நடையில் பிழையை எழுதிவைக்கும். அறபெழுத்தில் தமிழை எழுதிய அறபுத்தமிழ்ச் சுவடிகளோ இன்னும் பல இல்லங்களின் பேழைகளில் உறங்குகின்றன. அவற்றைப் பிழையறப் படிக்க வல்லார் அருகி வருகின்றனர். எழுத்தைப் படித்து, பாடம் தேர்ந்து, 'இது சரி' எனப் பெயரிட்டு உறுதிகூறும் வேலை இது. பட்டறைச் செட்டரின் வேலைக்கும் இதற்கும் உறவுண்டு என்று கூறினால் தமிழாசிரியர்கள் வருந்தமாட்டார்கள் என நம்புகிறோம்.

இவ்வட்டாரத்துக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாம் அவர்களை மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூறாத மேடை இல்லை. இராக்கெட்டுகளைப் பேசும் அளவிற்கு, தாம் தலைமை ஏற்ற எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979இல் தோல்வியுற்று 1980இல் வென்ற நிகழ்வை அம்மேடைகள் விரித்துரைப்பதில்லை. அவ்வோராண்டில் பிழை எங்கென ஆராய்ந்து அறிந்த உழைப்பே அவர் தொழிலின் நடுப்பகுதி.

இவ்வாண்டு இறுதித் தேர்வுக்குப் பின்னர் விடுமுறை வரும். மாணவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, முன்னரே ஒப்புதல் பெற்று, திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒருநாள் நின்று பார்க்கலாம். அங்குள்ள மூத்தவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டறிந்து வருக: இவ்வேலையில் சென்ற பத்தாண்டில் எந்திரம் எடுத்துக்கொண்டது எது, பிழை நேர்ந்தால் யார் பதில் கூறுவது, புதியவர் ஒருவர் அந்நிலைக்கு வர எத்தனை ஆண்டு ஆகும். தாம் சேரக் கருதும் எத்துறையிலும், அது வங்கியாயினும் மருத்துவமனையாயினும், இம்மூன்றையும் கேட்கலாம். மூன்றாம் வினாவிற்கு 'ஒரு வாரம் போதும்' என்று விடை வருமாயின், அவ்வேலையைச் செலவுக்குப் பணம் ஈட்டும் அளவில் ஏற்றுக்கொண்டு, மாலை நேரத்தில் வேறொன்றைக் கற்கத் தொடங்குக.