ஓட்டக்காரர் காலில் ஒரு தராசு

நம் கடை மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைத்தாக வேண்டும். சரியான எடைக்கல்லை வைத்துச் சோதித்த பிறகுதான் அந்தத் தராசுக்கு மதிப்பு. காலையில் ஓடப் போகிறவர்கள் காலணியிலும் மார்பிலும் கட்டிக்கொள்ளும் சென்சாரும் ஓர் அளவைக் கருவிதான். ஆனால் அதற்கு முத்திரை கிடையாது. எனவே அது எப்படி அளக்கிறது என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

கருவிக்குள் சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று, மெல்லிய வில் போன்ற இழைகளில் நிற்கிறது. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அதுபோலக் கால் தரையில் மோதும்போது அந்த எடை சற்றே நகரும். அந்த நகர்வை மின் மாற்றமாக எடுத்து, விநாடிக்குப் பல தடவை குறித்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார், பாதம் தரையில் எவ்வளவு நேரம் தங்குகிறது, உடம்பு எத்தனை சென்டிமீட்டர் மேலே எழும்புகிறது என்று கணக்கிடுகிறார்கள். சாதாரணமாக ஓடுபவரின் பாதம் ஏறக்குறைய கால் விநாடிதான் தரையில் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இது நேற்று வந்த சரக்கு அல்ல. 1984-லேயே அடிடாஸ் ஒரு காலணியில் தூரம் காட்டும் கருவியை வைத்தது. 1986-ல் வந்த பூமா காலணியை, ஓடி முடித்து வீட்டுக்கு வந்து கம்பி போட்டுக் கம்ப்யூட்டரில் இணைக்க வேண்டும். 2006-ல் நைக்கியும் ஆப்பிளும் சேர்ந்து, காலணியின் உள்ளடியில் வைக்கும் சென்சாரை விற்றன. அதன் பாட்டரியை மாற்ற முடியாது. தீர்ந்தால் புதிது வாங்க வேண்டியதுதான்! 2013-ல் கார்மின் மார்புப் பட்டையிலேயே பாத நேரத்தையும் எழும்பும் உயரத்தையும் அளந்தது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காலணிச் சென்சார் தூரத்தை நாடா போட்டு அளப்பதில்லை. கால் அசைவிலிருந்து ஊகிக்கிறது. 400 மீட்டர் மைதானத்தில் உள் ஓரப் பாதையில் 10 சுற்று ஓடினால் 4,000 மீட்டர். கருவி 3,920 என்று காட்டினால் 80 மீட்டர் குறைவு, அதாவது 2 சதவீதம். கிலோவுக்கு 20 கிராம் குறைகிற தராசை நாம் கடையில் வைத்திருப்போமா? 42.195 கிலோமீட்டர் மாரத்தானில் அதே குறைவு 840 மீட்டரைத் தாண்டிவிடும்.

அளவு சரியாக இருந்தாலும், அதற்குச் சொல்லும் பொருள் தவறாகலாம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், நெடுந்தூர வீரர்கள் ஏறக்குறைய எல்லோருமே நிமிடத்துக்கு 180 அடியோ அதற்கு மேலோ வைப்பதைப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிச் சொன்னார். பின்னாளில் அதுவே எல்லோருக்குமான சட்டம்போல் பரவிவிட்டது. பந்தயத்தில் பறக்கிறவரின் கணக்கு, மெதுவாக ஓடும் ஐம்பது வயதுக்காரருக்குப் பொருந்துமா? உயரத்துக்கும் வேகத்துக்கும் தக்கபடி அது மாறும்.

வீட்டுப் பிள்ளைகள் இக்கருவியைக் கேட்டால், தூரத்தை நாமே திருத்தி வைக்கும் வசதி இருக்கிறதா, பாட்டரியை மாற்ற அல்லது சார்ஜ் செய்ய முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். முதல் நாளே மைதானத்தில் ஓடிச் சோதியுங்கள். காலணி மாற்றினால் மறுபடியும் சோதிக்க வேண்டும். மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை ஓடிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு வேகத்தில் சரியாகக் காட்டுவது மற்றொன்றில் பிசகலாம்.